கைபடாமற் கழலும் நுனிக்குழல்

திருப்பதித் திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் ஏறிச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதியன்று அவ்வழக்கம் தடைப்பட்டது. கோவிட் நோய் பரவியதன் காரணமாகப் பக்தர்களுக்கான தரிசனம் நிறுத்தப்பட்டு, ஜூன் மாதம் 11-ஆம் தேதியன்றே பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. மலைப்பாதை வெறிச்சோடிக் கிடந்த அந்நாட்களில், அடிவாரத்து நகரில் ஒரு வேலை மட்டும் ஓய்வின்றி நடைபெற்றது. நோயுற்றவர் யார், நோயற்றவர் யார் என்று பிரித்தறியும் சோதனையே அவ்வேலை.

மார்ச்சு மாதத் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட சோதனைச்சாலைப் பட்டியலில் ஆந்திரப் பிரதேசத்துக்கு உரியவை மூன்றே. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம் அவற்றுள் ஒன்று. விசாகப்பட்டினம், அனந்தபூர் ஆகிய நகரங்களின் மருத்துவக் கல்லூரிகள் மற்ற இரண்டு. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமாக ஆனது 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான். ஆகவே தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அம்மாவட்டத்து மக்களுக்கு மிக அருகிலிருந்தது திருப்பதி நிலையமே.

இத்தகைய சோதனைச்சாலைகளின் வேலையில் விலையுயர்ந்த இயந்திரங்களே பெரும்பங்கு கொள்வதாக வெளியிலிருப்போர் எண்ணுவர். ஆனால் மாதிரித் திரவம் அவ்வியந்திரத்தைச் சென்றடைவதற்கு முன்னர், விரல் நீளமேயுள்ள ஒரு பிளாஸ்டிக் குழலுள் பலமுறை புகுந்து வெளிப்பட வேண்டும். பிப்பெட் என்னும் அளவைக் கருவியின் முனையிற் பொருத்தப்படுவதும், சோதனைச்சாலை ஊழியர் 'டிப்' என்று அழைப்பதுமான நுனிக்குழலே அது. ஒருமுறை பயன்பட்டவுடன் அது எறியப்பட வேண்டும். எறியும்பொழுது கை அதன்மேற் படலாகாது. இச்சிறு விதியின் காரணத்தையும், அதனை நிறைவேற்றும் பொறியின் அமைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வாயால் உறிஞ்சிய காலம்

பள்ளிக்கூடத்து இரசாயனச் சாலையில் பயின்றவர்களுக்குக் கண்ணாடிப் பிப்பெட் பழக்கமானதே. நடுவில் பருத்து, இருபுறமும் மெலிந்த அக்குழாயின் கீழ்முனையைத் திரவத்தில் அமிழ்த்தி, மேல்முனையை வாயில் வைத்து உறிஞ்சி, கோட்டளவுக்கு ஏறியதும் ஆட்காட்டி விரலால் மூடிக்கொள்வது பண்டைய முறை. அளவு சரியாகக் கிடைக்கும். ஆனால் மூச்சின் வேகம் சற்றே மிகுந்தால் திரவம் வாயினுட் புகும்.

பால்வளம் மிக்க சித்தூர்ப் பகுதியிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். பாலிலுள்ள கொழுப்பைக் கணிக்கும் கெர்பர் முறையில், 10 மில்லிலிட்டர் கந்தகாமிலத்துடன் 10.75 மில்லிலிட்டர் பாலும் 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்க்கப்படுகின்றன. பாலை வாயால் உறிஞ்சி அளப்பவர் ஒரு கணம் அயர்ந்தாலும் பெருங்கேடு நேர்வதில்லை. கந்தகாமிலத்தை அவ்வாறு அளக்க அறிவுடையோர் எவரும் துணியார். அதற்கென்று தனி அளவைக் கருவி உண்டு. அமிலத்தின் கொடுமை கண்கூடு. நோய்க்கிருமி நிறைந்த திரவமோ நிறத்தாலும் மணத்தாலும் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. அது காரணமாகவே, அமிலத்துக்கு அஞ்சிய கைகள் கிருமிக்கு அஞ்சாமல் நெடுங்காலம் வேலை செய்து வந்தன.

அதன் விளைவுகள் மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளன. 1893-ஆம் ஆண்டிலேயே, டைபாய்டு கிருமிகள் வளர்ந்த திரவத்தைத் தவறுதலாக உறிஞ்சிவிட்ட மருத்துவர் ஒருவர் அந்நோய்க்கு ஆளானார். பின்னரும் இவ்வழக்கம் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் 1983-இல் தன் சோதனைச்சாலைப் பாதுகாப்புக் கையேட்டின் முதற் பதிப்பை வெளியிட்டது. வாயால் உறிஞ்சுதல் அறவே கூடாதென்பது இன்று எங்கும் ஏற்கப்பட்ட விதியாகும்.

மார்பர்க் நகரிற் பிறந்த கருவி

வாயை விலக்கும் கருவி ஜெர்மனியிலுள்ள மார்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அங்கே உடலியல் இரசாயன நிலையத்தில் பணியாற்றிய ஹைன்ரிக் ஷ்னிட்கர் என்னும் ஆராய்ச்சியாளர், மிகச் சிறிய அளவுத் திரவங்களை மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் வாயால் உறிஞ்சி அளக்க வேண்டியிருந்தது. இவ்வேலையில் சலிப்புற்ற அவர் சில நாட்கள் நிலையத்துக்கு வராதிருந்து, பின்னர் ஒரு புதுக் கருவியுடன் திரும்பினார். காசநோய்ச் சோதனைக்குரிய ஊசிக்குழாயை எடுத்து, அதன் தண்டுக்கு ஒரு வில்லமைத்து, ஊசியிருந்த இடத்தில் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் நுனியைப் பொருத்தியிருந்தார். 1957-இல் அவர் இதற்குப் புத்தாக்க உரிமை கோரினார். 1961-இல் அது வழங்கப்பட்டது. ஹாம்பர்க் நகரத்து எப்பெண்டார்ப் நிறுவனம் இக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஷ்னிட்கர் 1964-இல் நீரில் மூழ்கி இளமையிலேயே மாண்டார். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் கில்சன் என்பார், வேண்டிய அளவுக்குத் திருகி மாற்றிக்கொள்ளும் வகையை உருவாக்கினார்.

இக்கருவியின் தத்துவம் எளிது. கைப்பிடிக்குள் ஒரு பிஸ்டன் உண்டு. பெருவிரலால் மேற்பொத்தானை அமுக்கினால் பிஸ்டன் கீழிறங்கி, குறித்த அளவு காற்றை வெளியேற்றுகிறது. நுனியைத் திரவத்தில் வைத்து விரலை மெல்ல எடுத்தால், வில் பிஸ்டனை மேலே தூக்க, வெளியேறிய காற்றின் அளவுக்கேற்பத் திரவம் நுனிக்குழலினுள் ஏறுகிறது. மீண்டும் அமுக்கும்போது முதல் தடுப்பில் அளந்த திரவம் இறங்குகிறது. மேலும் அழுத்தினால் இரண்டாம் தடுப்பில் எஞ்சிய துளியும் ஊதித் தள்ளப்படுகிறது. பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையே எப்போதும் ஒரு காற்றுத் திண்டு இருப்பதால் கருவியின் உடல் நனைவதில்லை. நனைவது நுனிக்குழல் மட்டுமே. அதனை மாற்றிவிட்டால் கருவி அடுத்த மாதிரிக்கு ஆயத்தமாகிறது.

இக்கருவிகள் அளக்கும் அளவு மைக்ரோலிட்டர் என்பதாகும். ஒரு லிட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. மருந்துச் சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளியே ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் என்றால், சில மைக்ரோலிட்டர்களை அளக்கும் வேலையின் நுட்பம் விளங்கும்.

விரல் பட்டால் விளையும் தீங்கு

நுனிக்குழலைக் கழற்றுவது எங்ஙனம்? தொடக்கத்தில் மற்றொரு கையால் பிடித்துத் திருகி இழுப்பதே முறையாக இருந்தது. வாய்க்கு நேர்ந்த ஆபத்து நீங்கிற்று. ஆயின் அது விரலுக்கு இடம் மாறியது. குழலின் புறத்தே ஒட்டியிருந்த குருதி நீரோ சளியோ விரலிற் படியும். கையுறை அணிந்தவருக்கும் இது முழுப் பாதுகாப்பன்று; ஏனெனில் அதே கையுறை அடுத்த கிண்ணத்தின் மூடியையும், குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியையும், எழுதுகோலையும் தொடும்.

இக்குறையை நீக்க 1970-களில் பிப்பெட்டுடன் தள்ளுபொறி ஒன்று இணைக்கப்பட்டது. கருவியின் தண்டைச் சுற்றி ஓர் உறை அமைந்துள்ளது. தனியான பொத்தானைப் பெருவிரல் அழுத்தும்போது அவ்வுறை கீழே நழுவி, நுனிக்குழலின் விளிம்பில் மோதி, அதனைத் தள்ளிவிடுகிறது. விரலை எடுத்தால் வில் உறையைப் பழைய நிலைக்கு ஏற்றிவிடுகிறது. புதுக்குழலைப் பொருத்தவும் கை வேண்டுவதில்லை. வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசைகளில் 96 குழல்கள் வாய் மேல்நோக்கி நிற்கும் பெட்டியில் கருவியின் முனையை நேராக அழுத்தினாலே குழல் பற்றிக்கொள்ளும். இங்ஙனம் எடுப்பது முதல் எறிவது வரை குழலைக் கை தீண்டுவதில்லை.

ஊழியரின் நலம் மட்டுமன்றிச் சோதனையின் உண்மையும் இதனைச் சார்ந்துள்ளது. பி.சி.ஆர். என்னும் முறையில் கிருமியின் மரபுப் பொருள் ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகப் பெருக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றுகள் குறைவின்றி நிகழ்ந்தால் ஒரே மூலக்கூறு 107 கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிதறல் நோயாளியின் மாதிரியிலிருந்து நோயற்றவரின் கிண்ணத்துக்கு விரல்வழிச் சென்றுவிட்டால், அதனையும் இயந்திரம் உண்மையாகப் பெருக்கிக் காட்டும். நோயில்லாத ஒருவர் நோயாளியென்று பிரிக்கப்படுவார். அவர் குடும்பத்தாரும் அடைபட்டிருப்பர். அளவு தவறி மாதிரி குறைந்துவிட்டாலோ, நோயுள்ளவர் நலமென்ற சீட்டுடன் வீடு திரும்பி, முதியோரும் குழந்தைகளும் உள்ள இல்லத்தில் கலந்துவிடக்கூடும்.

வேலூரில் நிகழ்ந்த சோதனை

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் 1986-இல் நிகழ்ந்த ஒரு சோதனை இவ்வேலையின் மதிப்பை நன்கு உணர்த்தும். 1911-ஆம் ஆண்டு வரை இவ்விரு ஊர்களும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன என்பது நினைவுகூரத்தக்கது. எய்ட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவில் உண்டா என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்னும் நுண்ணுயிரியல் மாணவி சென்னையில் இரத்த மாதிரிகளைத் திரட்டி, குருதி நீரைப் பிரித்தெடுத்தார். சென்னையில் அன்று அச்சோதனைக்கு வசதியில்லாமையால் மாதிரிகள் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே எலிசா முறையில் சோதிக்கப்பட்டபோது சில கிண்ணங்கள் மஞ்சள் நிறங்கொண்டன. இந்தியாவில் அக்கிருமி இருப்பதற்கு முதற் சான்று அதுவே.

எலிசா சோதனை 96 குழிகளுள்ள பிளாஸ்டிக் தட்டில் நடைபெறுவது. ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஜுலா தகாட்சி 1951-இல் உருவாக்கிய குழித்தட்டின் வழிவந்தது இது. பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் இன்று 9 மில்லிமீட்டர் என நிலைப்படுத்தப்பட்டுள்ளது. நுனிக்குழல்களின் பெட்டியும் அதே கணக்கில் அமைந்துள்ளது. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய குருதி நீர் இருக்கிறது. ஒரு குழியிலிருந்த திரவத்தின் சிறு துளி அடுத்ததில் கலந்தால், நிறம் பொய் சொல்லும். ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையையே மாற்றவல்ல முடிவு அத்தகைய நிற மாற்றத்தை நம்பி எடுக்கப்பட்டதென்றால், ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக்குழல் என்ற விதி வீண் கண்டிப்பு அன்றென்பது தெளிவாகும்.

ஒரு நாள் வேலையின் கணக்கு

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கக் கைமுறையாகப் பரவலாய்க் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. அதில் முதலில் 560 மைக்ரோலிட்டர் சிதைக்கும் கரைசலும், அதனுடன் 140 மைக்ரோலிட்டர் மாதிரியும், பின்னர் 560 மைக்ரோலிட்டர் எத்தனாலும் சேர்க்கப்படும். ஆக 1,260 மைக்ரோலிட்டர் கலவையை, முறைக்கு 630 வீதம் இருமுறை வடிகுழலில் ஊற்ற வேண்டும். அடுத்து 500 மைக்ரோலிட்டர் வீதம் இருமுறை கழுவி, இறுதியில் 60 மைக்ரோலிட்டர் கரைசலால் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். இதுவரை எட்டுச் செயல்கள் ஆயின. பி.சி.ஆர். கலவையை ஊற்றுவதும் அதனுடன் மரபுப் பொருளைச் சேர்ப்பதும் மேலும் இரண்டு.

மாதிரியைத் தொடாமல் ஊற்றும் செயல்கள் சிலவற்றில் ஒரே குழலைப் பல கிண்ணங்களுக்குப் பயன்படுத்துவதுண்டு. மிக்க கவனத்துடன் ஒவ்வொரு செயலுக்கும் புதுக்குழல் கொண்டால், ஒரு மாதிரிக்குப் பத்துக் குழல்கள் செலவாகும். 96 குழித் தட்டொன்றில் ஒப்பீட்டுக்குரிய குழிகள் நீங்கலாக 90 மாதிரிகள் வைப்பதாகக் கொண்டால் 900 குழல்கள். அதாவது பெருவிரல் 900 முறை தள்ளுபொறியை அழுத்தியாக வேண்டும். கைமுறையில் நாளொன்றுக்கு இரண்டு தட்டுகள் முடிக்கும் சோதனைச்சாலையில் இவ்வெண்ணிக்கை 1,800 ஆகிறது.

பெருவிரலின் பாரம்

இக்கணக்கு மற்றொரு கேள்வியை எழுப்புகிறது. வாயையும் விரல்நுனியையும் காத்த கருவி பெருவிரலின் மேல் பாரத்தை ஏற்றிவிட்டதா என்பதே அது. ஓர் அழுத்தத்துக்கு வேண்டிய விசை பெரிதன்று. ஆயின் நூற்றுக்கணக்கான முறை தொடரும்போது தசைநார்கள் வீங்கி, மணிக்கட்டிலும் பெருவிரலின் அடியிலும் வலி தோன்றும். சுவீடன் நாட்டில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 300 மணிநேரத்துக்கு மேல் பிப்பெட்டைக் கையாளுவோரிடம் கைநோவு மிகுதியாகக் காணப்படுவதைத் தெரிவித்தது. வேலைநாள் ஒன்றுக்கு ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேற்பட்ட உழைப்பே அந்த 300 மணிநேரம்.

வலிக்கு ஒரு காரணம் பழக்கத்திலும் உள்ளது. குழல் கழன்றுவிடுமோ என்ற அச்சத்தால் சில ஊழியர்கள் கருவியைப் பெட்டியில் இரண்டு மூன்று முறை ஓங்கிக் குத்திப் பொருத்துவர். இறுகப் பொருந்திய குழலைத் தள்ளப் பெருவிரல் பின்னர் மிகுதியான விசை செலுத்த வேண்டியிருக்கிறது. கருவிக்கு ஏற்ற குழலாயின் நேராக ஒருமுறை மெல்ல அழுத்தினாலே போதும், காற்றுக் கசியாது. இன்று சந்தையில் மென்விசையுடன் தள்ளும் வகைகளும், எட்டுக் குழல்களை ஒரே அழுத்தத்திற் கழற்றும் பல்முனைக் கருவிகளும், மின்விசையால் இயங்குவனவும் கிடைக்கின்றன. பெரிய சோதனைச்சாலைகளில் இயந்திரக் கையே குழலை எடுத்து, அளந்து, கழிவுத் தொட்டியில் எறிகிறது. அத்தகைய வசதியற்ற இடங்களில், வேலையைப் பலரிடையே பகிர்ந்து இடையிடையே ஓய்வு தருவதே செலவில்லாத பரிகாரம்.

கழன்ற குழல் செல்லும் இடம்

தள்ளுபொறி கையைக் காக்கிறதேயன்றிக் காற்றைக் காப்பதில்லை. பொத்தானைச் சுண்டியடித்தாற்போல் அழுத்தினால் குழல் வேகமாகத் தெறித்து, அதில் எஞ்சிய ஈரம் நுண்துளிகளாகச் சிதறும். ஆதலின் குழலின் முனையைக் கழிவுக் கலத்தின் வாய்க்குக் கீழே இறக்கி, மெல்ல அழுத்தித் தள்ளுவதே நல்ல பழக்கம். கிருமிநாசினிக் கரைசல் உள்ள கலத்தைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், குழல் நிறைந்த கை வெளியே வர வேண்டியதில்லை. நுண்துளிகள் கருவியின் உட்புறத்தை அடையாதவாறு வடிகட்டி பொருத்திய குழல்களைப் பி.சி.ஆர். வேலைக்கு உபயோகிப்பதும் அவசியம்.

இந்திய அரசாங்கத்தின் 2016-ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகள், சோதனைச்சாலைக் கழிவுகளை அங்கேயே கிருமி நீக்கம் செய்த பின்னரே வெளியேற்ற வேண்டுமென வகுத்துள்ளன. மாசுபட்ட பிளாஸ்டிக் பொருள்களுக்குச் சிவப்பு நிறப் பை குறிக்கப்பட்டுள்ளது. குழலின் கூர்முனை பையைத் துளைக்கக்கூடும் என்பதால் துளைபடாத கலத்தில் முதலிற் சேர்ப்பது நலம். இல்லையேல் ஊழியரின் விரலைத் தப்பிய ஆபத்து, கழிவு அள்ளும் தொழிலாளியின் விரலைச் சென்றடையும்.

சிக்கனமும் அபாயமும்

இத்தனை குழல்களை ஒருமுறையே உபயோகித்து எறிவது வீண்செலவன்றோ என்று கேட்பாரும் உளர். சிறு ஊர்ச் சோதனைச்சாலைகளில் குழல்களைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் ஆவல் எழுவது இயல்பே. 2021-ஆம் ஆண்டு இவ்வாவலை உலகெங்கும் சோதித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வீசிய கடுங்குளிர்ப் புயலால், நுனிக்குழல்களுக்கு மூலப்பொருளான பாலிபுரோப்பிலீன் உற்பத்தி தடைப்பட்டது. கோவிட் சோதனைகளால் முன்னரே தேவை மிகுந்திருந்தமையால் பல நாடுகளில் குழல்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது.

சிக்கனத்துக்கு வழிகள் உண்டு. தொடாமல் ஊற்றும் கரைசல்களுக்கு ஒரே குழலைப் பயன்படுத்தலாம். அளவுக்கேற்ற சிறு குழலைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையை முன்கூட்டித் திட்டமிட்டு வீணாக்கலைத் தவிர்க்கலாம். ஆனால் ஒருவருடைய மாதிரியைத் தொட்ட குழல் மற்றொருவருடைய மாதிரியைத் தொடலாகாது என்ற எல்லையைக் கடந்தால், மிச்சமாகும் பணம் சில காசுகள். இழப்பதோ சோதனையின் நம்பகம்.

சித்தூரில் ஒரு குடும்பம் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறது. திருப்பதியில் முகமறியாத ஊழியர் ஒருவர் அக்குடும்பத்தாரின் மாதிரியை அளந்து, குழலைக் கலத்துக்குள் மெல்லத் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுக்கிறார். அவர்கள் பெறப்போகும் சீட்டின் உண்மை, அந்த ஒவ்வோர் அழுத்தத்தையும் அவர் அவசரமின்றி நிறைவேற்றுவதைப் பொறுத்திருக்கிறது. அவருக்கு நல்ல கருவியும், போதிய குழல்களும், கைக்கு வேண்டிய ஓய்வும் அளிப்பது நிருவாகத்தினரின் கடமையாகும்.